நாற்பத்து நான்கு மில்லிமீட்டர் பள்ளம்

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள 16, 17-ஆம் நூற்றாண்டு மார்புக் கவசங்கள் சிலவற்றில் வட்டமான சிறு குழி ஒன்று தெரியும். எதிரி சுட்ட தடம் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். பல நேரங்களில் அது கவசம் செய்த பட்டறையின் வேலை. செய்து முடித்த தகட்டைத் தாங்களே சுட்டுப் பார்த்து, இரும்பு தாங்கியது என்பதற்கு அத்தாட்சியாக அந்தக் குழியை நிரவாமல் விட்டு விற்றார்கள். வாங்குகிறவருக்கு இருந்தது ஒரே கேள்வி: குண்டு உள்ளே வருமா, வராதா? விறைப்பான இரும்பு குண்டின் உதையைத் தகடு முழுவதும் பரப்பிவிடும் என்பதால், குழியின் ஆழம் எவ்வளவு என்று கேட்க வேண்டிய அவசியம் பெரிதாக எழவில்லை. 1970-களில் கவசம் துணியாக மாறியபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. துணி குண்டை நிறுத்தும். நிறுத்துகிறபோது தானே உடம்புக்குள் பிதுங்கும். அந்தப் பிதுக்கம் விலா எலும்பை முறிக்கலாம், நுரையீரலைக் கன்றவைக்கலாம், கல்லீரலையோ மண்ணீரலையோ கிழிக்கலாம். தோலின்மேல் ஒரு சிவப்புத் தழும்புதான் தெரியும், உள்ளே ஊமைக்காயம். இதை முன்கூட்டி மதிப்பிட அமெரிக்கா ஓர் எண்ணைக் கண்டுபிடித்தது: கவசத்துக்குப் பின்னால் வைத்த களிமண்ணில் 44 மி.மீ.க்கு மேல் பள்ளம் விழக்கூடாது. அந்த எண் வந்த வழியைப் பார்த்தால், உடம்புக்கு நேரும் ஆபத்தை அது அளக்கவில்லை என்பது தெரிகிறது. ஒரு காலத்தில் நல்லதென்று கண்ட ஓர் உடையோடு மற்ற உடைகளை ஒப்பிட உதவும் எண் அது. ஒப்பிடும் வேலையை அது ஒழுங்காகவே செய்திருக்கிறது. ஆபத்தைச் சொல்லும் வேலையை அதன் தலையில் ஏற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வோலெக் 1965-இல் கண்டறிந்த இழையிலிருந்து கெவ்லார் பிறந்தது. ரேடியல் டயர்களுக்குள் இருக்கும் எஃகு இழைகளுக்கு மாற்றாகத்தான் அதை நிறுவனம் முதலில் கருதியது. அமெரிக்க நீதித் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த லெஸ்டர் ஷூபினுக்கு அதில் வேறொன்று தெரிந்தது. அப்போது அமெரிக்காவில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்கள் கொல்லப்பட்டுவந்தார்கள், பெரும்பாலும் கைத்துப்பாக்கியால். சட்டைக்குள் அணிந்துகொண்டு நாள் முழுவதும் ரோந்து போகக்கூடிய உடை ஒன்று கிடைத்தால் அந்தச் சாவுகளில் பலவற்றைத் தடுக்கலாம் என்பது கணக்கு. ஷூபினும் ராணுவத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் மொன்டனரெல்லியும் சேர்ந்து மேரிலாந்து மாநிலத்தில் உள்ள எட்ஜ்வுட் ராணுவ ஆய்வகத்திடம் வேலையை ஒப்படைத்தார்கள். அங்கே கேட்கப்பட்ட கேள்வி குறுகலானது, தெளிவானது: தெருவில் அதிகம் புழங்கும் பாயின்ட் 38 தோட்டா, இத்தனை அடுக்கு கெவ்லாரில் நின்றால், அணிந்திருக்கிற ஆள் பிழைப்பாரா?

பதிலை வெள்ளாடுகளிடம் தேடினார்கள். ஏழு அடுக்கு கெவ்லாரை ஆட்டின்மேல் போர்த்தி, 10 கிராம் எடையுள்ள தோட்டாவை நொடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகத்தில் சுட்டு, உள்ளுறுப்புகளைத் திறந்து பார்த்தார்கள். ஏற்கத்தக்க ஆபத்து எது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். அடிபட்ட காவலர் தன் காலால் நடந்து அந்த இடத்தைவிட்டு விலக முடிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவ உதவி கிடைத்தால் அவர் இறக்கும் வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இவ்வளவு வெளிப்படையாக ஓர் எல்லையைச் சொல்லிவிட்டுச் சோதனையில் இறங்கியது பாராட்ட வேண்டிய விஷயம். பிற்காலத் தரநிலைகள் பலவற்றில் அந்த வாசகம் இல்லை, எண் மட்டும் இருக்கிறது. ஆனால் கடைக்கு வரும் ஒவ்வொரு புது உடைக்கும் ஆடுகளைச் சுட்டுக்கொண்டிருக்க முடியாது. எனவே ஜெலட்டின் கட்டியின்மேல் அதே உடையைப் போர்த்திச் சுட்டு, பிதுக்கம் எவ்வளவு ஆழம் போகிறது என்று அதிவேகக் கேமராவில் பதிந்தார்கள். மழுங்கிய எறிபொருள்களால் விலங்குகளைத் தாக்கிய வேறு சோதனைகளின் முடிவுகளோடு அதைப் பொருத்திப் பார்த்தார்கள். ஜெலட்டின் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்; சாதாரணச் சோதனைச் சாலையில் கேமரா வசதி இருக்காது. ஆகவே பள்ளத்தை அப்படியே தாங்கி நிற்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. ரஸ்ஸல் பிரேதரும் சக ஆய்வாளர்களும் 1977-இல் எழுதிய அறிக்கை சிற்பிகள் பயன்படுத்தும் ரோமா பிளாஸ்டிலினா என்ற எண்ணெய்க் களிமண்ணைப் பரிந்துரைத்தது. கடையில் கிடைக்கும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், அடி முடிந்த பிறகு நிதானமாக அளவுகோல் வைத்து அளக்கலாம். 1978 டிசம்பரில் திருத்தி வெளியிடப்பட்ட காவல்துறைக் கவசத் தரநிலையில் 44 மி.மீ. இடம்பிடித்தது.

இந்த வரிசையை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால் மூன்று தாவல்கள் தெரிகின்றன: ஆட்டிலிருந்து மனிதனுக்கு, உயிருள்ள தசையிலிருந்து ஜெலட்டினுக்கு, ஜெலட்டினிலிருந்து களிமண்ணுக்கு. ஆட்டின் மார்பு குறுகி ஆழமாக இருக்கும். மனித மார்பு அகன்று தட்டையானது. களிமண் மீளாது, விலாக்கூடு மீளும். ஒவ்வொரு தாவலுக்கும் அந்த நேரத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் தொடக்கத்தில் இருந்த தோட்டாவும் உடையும் மாறவில்லை. ஏழு அடுக்குத் துணியில் பாயின்ட் 38 நின்றால் ஆடு பிழைக்கிறது. அதே நிலையில் பின்னால் இவ்வளவு ஆழம் பிதுங்குகிறது. ஆகவே அதைவிட ஆழமாகப் பிதுங்காத உடை அதைவிட மோசமாக இருக்காது. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் இது ஒப்பீட்டுத் தர்க்கம். 44-இல் ஆபத்து இவ்வளவு, 30-இல் இவ்வளவு, 50-இல் இவ்வளவு என்று மனித உடம்பைப் பற்றி எதையும் அது உறுதியாகச் சொல்லவில்லை. 2012-இல் எரின் ஹான்லனும் பாட்ரிக் கில்லிச்சும் மிலிட்டரி மெடிசின் இதழில் இந்த எண்ணின் தோற்றத்தைத் தேடி ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கும் ஓர் உயிர்காப்பு வரம்பு எங்கிருந்து வந்தது என்பதை 35 ஆண்டுகள் கழித்துப் பழைய அறிக்கைகளைப் புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை என்றால், இடையில் எத்தனை பேர் அதைக் கேள்வி கேட்காமல் கடத்தியிருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

ஆழம் ஒன்றே காயத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது கார் விபத்து ஆராய்ச்சியாளர்களுக்கு 1980-களிலேயே தெரிந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் இருந்த இயன் லாவும் டேவிட் வியானோவும் மார்பு எவ்வளவு அமுங்குகிறது என்பதோடு எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று காட்டினார்கள். கதவு நகரும் தூரம் ஒன்றுதான் என்றாலும் மெல்லச் சாத்துவது வேறு, ஓங்கி அறைவது வேறு. மெதுவான அழுத்தத்தில் எலும்புதான் முதலில் முறிகிறது. வேகமான அடியில் எலும்பு முறியாமலேயே நுரையீரலும் கல்லீரலும் சிதையலாம். கவசத்தின் பின்பக்கம் பிதுங்கும் வேகம் கார் ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதும் வேகத்தைவிட எவ்வளவோ அதிகம். களிமண்ணில் எஞ்சுவதோ ஆழம் மட்டும்; வேகம் அதில் பதிவதில்லை. இதயத்தின் விஷயத்தில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. பன்றிகளின் நெஞ்சில் பேஸ்பால் பந்தின் அளவும் எடையும் கொண்ட மரப்பொருளால் அடித்து மார்க் லிங்க் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கட்டத்தில், சுமார் 15 மில்லிநொடி அகலமுள்ள ஒரு சாளரத்தில் அடி விழுந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகக் கண்டார்கள். அதே அடி சற்று முன்னோ பின்னோ விழுந்தால் அப்படி ஆகவில்லை. எந்தக் களிமண்ணும் இதைச் சொல்லப்போவதில்லை.

எண் பிறந்த இடத்தைவிட்டு வெளியே போனது இதைவிடப் பெரிய சிக்கல். எட்ஜ்வுட்டில் சுட்ட தோட்டாவின் ஆற்றல் கிட்டத்தட்ட 300 ஜூல். அதே மென்துணிக் கவசத்தின் உயர்நிலை வகைக்குப் பிற்காலத்தில் விதித்த பாயின்ட் 44 மேக்னம் தோட்டா 15.6 கிராம், நொடிக்கு 436 மீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 1,480 ஜூல், ஐந்து மடங்கு. ரைஃபிள் தோட்டாவை நிறுத்தும் விறைப்பான தகடுகளுக்கும் 44 மி.மீ.யே வரம்பானது. அங்கே சோதனைத் தோட்டா 9.6 கிராம், நொடிக்கு 847 மீட்டர். ஆற்றல் 3,400 ஜூலுக்கு மேல். ஆற்றலை இப்படி நேரடியாக ஒப்பிடுவது நியாயமில்லை என்று ஒருவர் சொல்லலாம், சொல்வது சரியும்கூட. செராமிக் தகடு தோட்டாவை நொறுக்குவதிலேயே பெரும்பங்கு ஆற்றலைச் செலவழித்துவிடுகிறது. ஆனால் எடையை வேகத்தால் பெருக்கிவரும் உந்தத்தை எதாலும் விழுங்க முடியாது; அது உடம்புக்கு வந்தே தீரும். அந்தக் கணக்கில் பார்த்தாலும் ரைஃபிள் தோட்டா பாயின்ட் 38-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். போதாததற்கு, தகட்டின் பிதுக்கம் துணியின் பிதுக்கத்தைப் போன்ற வடிவம் கொண்டதல்ல. அகலம் வேறு, வேகம் வேறு. ராணுவக் கவசச் சோதனைகளைப் பற்றி எழுந்த விமர்சனங்களுக்குப் பிறகு அமைக்கப்பட்ட அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு 2012-இல் தந்த மூன்றாம் கட்ட அறிக்கையில், மென்கவசத்துக்கும் கைத்துப்பாக்கிக்கும் கண்ட இந்த எல்லைக்கு ரைஃபிள் தகடுகள் விஷயத்தில் மருத்துவ அடிப்படை போதவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, புதிய காய ஆய்வுகளைக் கேட்டது. ஸ்வீடனில் பன்றிகளை வைத்து நடந்த ஆய்வுகளில் களிமண்ணில் 44 மி.மீ.க்குக் குறைவான பள்ளம் விட்ட கவசத்தின் பின்னாலும் மூச்சு நின்றது, நுரையீரல் கடுமையாகக் கன்றியது, சில விலங்குகள் இறந்தன.

களிமண்ணின் சொந்தக் கதையும் இதில் உண்டு. ரோமா பிளாஸ்டிலினாவைத் தயாரித்தவர்களுக்குச் சிற்பிகள்தான் முதன்மை வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு ஏற்றபடி காலப்போக்கில் சேர்மானம் மாறியது, களிமண் கெட்டியானது. தொடக்க நாட்களில் அறை வெப்பத்திலேயே சோதனைக்குப் பொருந்தியது, பிறகு 38 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால்தான் பொருந்தியது. சூடான களிமண் ஆறத் தொடங்கிய நிமிடத்திலிருந்து அதன் குணம் மாறுகிறது. பிசைந்தால் மாறுகிறது, பழசானால் மாறுகிறது. அதனால் ஒவ்வொரு சுடும் சோதனைத் தொடருக்கு முன்னும் பின்னும் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எஃகு உருண்டையை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, விழும் பள்ளம் சராசரியாக 19 மி.மீ.க்கு அருகில் இருக்கிறதா என்று சரிபார்க்க 2008-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநிலை சொன்னது. ஒரு நாட்டின் காவலர்களும் சிப்பாய்களும் அணியும் உடையின் தேர்வு, பொம்மை செய்பவர்களின் ரசனைக்கேற்ப மாறும் பொருளின்மேல் நின்றது. இதில் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. பிற்பாடு அமெரிக்க ராணுவ ஆய்வகம் வெப்பநிலை மாறினாலும் அதிகம் மாறாத சிலிக்கோன் களிமண் ஒன்றை உருவாக்கியது. அது அளவீட்டைச் சீராக்கும். அளக்கப்படுவது சரியான பொருள்தானா என்ற கேள்வியை அது தொடாது.

இதற்கெல்லாம் முதல் மறுப்பு எளிமையானது, வலுவானதும்கூட: உடை வேலை செய்கிறதே! 1975 டிசம்பர் 23 அன்று சியாட்டில் நகரக் கடையொன்றில் சுடப்பட்ட காவலர் சோதனை முறையில் வழங்கப்பட்ட கெவ்லார் உடையால் பிழைத்தார். அன்று தொடங்கிய பட்டியல் நீண்டு, காவல் தலைவர்களின் சர்வதேசச் சங்கமும் டூபான்டும் 1987-இல் தொடங்கிய உயிர்பிழைத்தோர் மன்றத்தில் 3,100-க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. துணிக் கவசத்தில் கைத்துப்பாக்கித் தோட்டா நின்ற பிறகு ஊமைக்காயத்தால் மட்டும் இறந்தவர்கள் மிக அரிது. டெட்ராய்டில் பீட்சா கடை வைத்திருந்து பின்னர் கவச வியாபாரத்தில் இறங்கிய ரிச்சர்ட் டேவிஸ், தன் சரக்கின்மேல் நம்பிக்கை வரவைக்க 190 தடவைக்கு மேல் தன் நெஞ்சிலேயே சுட்டுக்காட்டியவர். விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம். இந்தச் சான்றுகள் உண்மை. ஆனால் அவை நிரூபிப்பது உடை நல்லது என்பதைத்தான். அளவுகோல் நல்லது என்பதை அல்ல. பிழைத்தவர் ஒவ்வொருவரின் உடையும் களிமண்ணில் எவ்வளவு பள்ளம் விட்டிருக்கும் என்று தெரியாதவரை, 44-தான் அவர்களைக் காப்பாற்றியது என்று சொல்ல வழியில்லை. ஒருவேளை 30-க்குள் நின்ற உடைகளாக இருக்கலாம். 55 ஆக இருந்திருந்தாலும் பிழைத்திருக்கலாம். உயிர்பிழைத்தோர் மன்றத்தில் இறந்தவர் சேர முடியாது என்ற சாதாரண விஷயத்தையும் மறக்கக்கூடாது. பிழைத்தவர்களின் காயங்களையும் மரியான் வில்ஹெல்மும் சிந்தியா பிர்ரும் 2008-இல் ஆராய்ந்தார்கள். குண்டு துளைக்காத உடைக்குப் பின்னால் தோல் கிழிந்து சதைக்குள் குழிந்த திறந்த காயங்கள் சிலருக்கு இருந்தன. தேர்வில் தேறிய உடை, தோட்டாவும் உள்ளே வரவில்லை, ஆனாலும் புண். அந்த வகைக் காயத்தைப் பள்ளத்தின் ஆழம் முன்கூட்டிச் சொல்லவில்லை. குறுகிய இடத்தில் அடி குவிந்ததுதான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள்.

அடுத்த மறுப்பு: சரி, எண் துல்லியமில்லை, பாதுகாப்பான பக்கமாகவே தவறினால் என்ன நஷ்டம்? நஷ்டம் எடையில் வருகிறது. பள்ளத்தைக் குறைக்க அடுக்கைக் கூட்ட வேண்டும், அடுக்கு கூடினால் உடை கனக்கும், விறைக்கும், வியர்க்கும். அணியாமல் காரின் பின் இருக்கையில் கிடக்கும் உடை யாரையும் காக்காது. எட்ஜ்வுட் திட்டமே நாள் முழுவதும் அணியக்கூடிய உடை வேண்டும் என்றுதான் தொடங்கியது. பிரிட்டன் உள்துறையின் 2007-ஆம் ஆண்டுத் தரநிலை சில நிலைகளுக்கு 44-ஐ வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு 25 மி.மீ. என்று விதித்தது. இரு நாட்டுக் காவலர்களின் விலா எலும்புகளும் ஒரே மாதிரிதான். வரம்பு இவ்வளவு வேறுபடுகிறது என்றால், அதை உடற்கூறு தீர்மானிக்கவில்லை, எவ்வளவு காயத்தைப் பொறுத்துக்கொள்வோம் என்ற நிர்வாக முடிவு தீர்மானித்திருக்கிறது. அப்படி முடிவெடுப்பதில் தவறில்லை. அதை அறிவியல் உண்மையாகக் காட்டுவதில்தான் சங்கடம். இன்னொரு பக்கம், எச்சரிக்கை போதாமல் போனவர்களும் உண்டு. எண் உருவானபோது மனதில் இருந்தது தட்டையான களிமண் பலகையும் ஆண் காவலரின் மார்பும். பெண்களுக்காக வளைத்துத் தைத்த உடையை அந்தப் பலகையின்மேல் எப்படிச் சோதிப்பது என்பதற்கு உரிய முறைகள் 2023-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநிலையில்தான் விரிவாக வந்தன.

கடைசி மறுப்புதான் உண்மையில் கடினமானது: இதை எடுத்துவிட்டு எதை வைப்பது? உடல்தானமாக வந்த சடலங்கள்மேல் தகடு பொருத்தி ரைஃபிளால் சுட்டு, மார்பெலும்பு எந்த விசையில் முறிகிறது என்று வர்ஜீனியாவில் கேமரன் பாஸ் குழுவினர் பார்த்தார்கள். 2006-இல் முடிவுகள் வெளியாயின. மனித உடம்பைப் பற்றி நேரடியாகச் சொல்லும் அரிய தரவு அது. ஆனால் சடலத்தில் ரத்தம் ஓடுவதில்லை, நுரையீரல் கன்றாது, இதயம் நிற்காது. தானம் செய்தவர்களில் பலர் முதியவர்கள், எலும்பு மெலிந்தவர்கள். பன்றியில் ரத்தம் ஓடும், ஆனால் அது மனிதன் இல்லை. உணரிகள் பொருத்திய செயற்கை மார்புக்கூடு வேகத்தையும் சேர்த்து அளக்கும். அது தரும் எண்ணைக் காயமாக மொழிபெயர்க்க மறுபடி பன்றியிடமோ சடலத்திடமோதான் போக வேண்டும். களிமண்ணைக் கைவிட்டால் நாற்பது ஆண்டுச் சோதனைப் பதிவுகளோடு ஒப்பிடும் வசதியும் போய்விடும் என்பது தயாரிப்பாளர்களின் கவலை. அது நியாயமான கவலை, அதற்கு விடையும் இருக்கிறது: இரண்டு வேலைகளையும் பிரித்துவிடலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரு தொகுதி உடை முந்தைய தொகுதியைப் போலவே இருக்கிறதா என்று பார்க்கக் களிமண் தாராளமாகப் போதும். மலிவு, எளிது, எல்லோருக்கும் பழக்கம். புதிய வகைத் தகடு ஒன்று மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்ற கேள்வியை வேகத்தையும் விசையையும் அளக்கும் கருவியிடம், தோட்டாவுக்குத் தோட்டா தனி எல்லையோடு கேட்க வேண்டும். 2023 நவம்பரில் வெளியான அமெரிக்கத் தரநிலை கவச நிலைகளுக்குப் புதுப் பெயர்கள் வைத்தது, கைத்துப்பாக்கி வகை, ரைஃபிள் வகை என்று தெளிவாகப் பிரித்தது. இரண்டுக்கும் 44 மி.மீ.யை மாற்றவில்லை. கைத்துப்பாக்கி வகைக்கு அதை விட்டுவைப்பதில் தப்பில்லை, அது பிறந்த வீடு அதுதான். ரைஃபிள் வகைக்கு வேண்டியதில் முதலாவது மருத்துவமனைகளில் இருக்கிறது: சுடப்பட்டுப் பிழைத்தவரின் காயக் குறிப்பு, அவர் அணிந்திருந்த தகடு, அதில் பட்ட தோட்டா ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் சேர வேண்டும். தகடு ராணுவக் கிடங்குக்கும், குறிப்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கும், தோட்டாத் துண்டு விசாரணை அதிகாரியிடமும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தால் அந்தக் கோப்பு உருவாகாது.